ஒன்ராறியோ மாகாணத் தேர்தல்: முதல்முறை வாக்களிக்கப் போகிறவர்களுக்கு

2022 மாகாணத் தேர்தலில் ஒன்ராறியோவில் வாக்களிக்கத் தகுதி இருந்தவர்களில் சுமார் 44 சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள். மாகாண வரலாற்றிலேயே மிகக் குறைந்த அளவு அது. 2025இலும் பெரிதாக ஏறவில்லை, சுமார் 45 சதவீதம். மத்திய தேர்தல் என்றால் பரபரப்பாக இருக்கிற பல வீடுகளில் மாகாணத் தேர்தல் வந்ததும் போனதும் தெரிவதில்லை. ஆனால் புதிதாக வந்து காலூன்றுகிற ஒருவருடைய அன்றாட வாழ்க்கையில் ஒட்டாவாவில் இருக்கிற மத்திய அரசை விட குயின்ஸ் பார்க், அதாவது ஒன்ராறியோ சட்டசபை, தான் அதிகம் கை வைக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த தேர்தல் எப்போது என்று நாள் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். போன தேர்தல் 2026 ஜூனில் நடக்க வேண்டியது. 2025 பெப்ரவரி 27ஆம் திகதியே, கொட்டும் பனிக்குள், ஓராண்டுக்கும் மேல் முந்தி வந்துவிட்டது. தேர்தல் அறிவித்த பிறகு கையில் இருப்பது சுமார் நான்கு வாரம். அந்த நான்கு வாரத்துக்குள் அடையாள அட்டைக்கு அலைவதை விட இப்போதே ஆயத்தமாக இருப்பது நல்லது.

முதலில், மாகாணம் எதை முடிவு செய்கிறது?

இது தெரியாமல் கட்சிகளைப் பற்றிப் பேசிப் பயனில்லை. குடிவரவு, கடவுச்சீட்டு, வேலையிழப்புக் காப்புறுதி, முதியோர் ஓய்வூதியம் இவை மத்திய அரசின் கையில். குப்பை அள்ளுவது, பூங்கா, நூலகம், ரொறன்ரோவில் ரீரீசி பஸ் இவை நகரசபை. நடுவில் கிடக்கிற பெரிய பொதி முழுவதும் மாகாணத்துடையது: ஓஹிப் மருத்துவக் காப்பு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கல்லூரிக் கட்டணம், சாரதி அனுமதிப்பத்திரம், குறைந்தபட்சச் சம்பளம், வாடகைச் சட்டம், வாகனக் காப்புறுதி விதிகள், சமூக உதவிப் பணம்.

இரண்டு உதாரணம் சொல்கிறேன். முன்பெல்லாம் ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஓஹிப் கிடைக்க மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் கைக்காசுதான். 2020 மார்ச்சில் மாகாண அரசு அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டது. ஒட்டாவாவுக்கு அதில் பங்கில்லை.

மற்றது வாடகை. ஆண்டுதோறும் வாடகையை எவ்வளவு கூட்டலாம் என்று மாகாணம் ஒரு உச்ச அளவு வைக்கிறது. 2025இல் அது 2.5 சதவீதம், 2026இல் 2.1 சதவீதம். ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆட்கள் குடியேறிய வீடுகள் பலவற்றுக்கு இந்த உச்ச அளவு பொருந்தாது. அந்தத் திகதி வானத்திலிருந்து விழவில்லை. 2018இல் ஆட்சி மாறியது, புதிய அரசு சட்டத்தை மாற்றியது. ஒரே தெருவில் இரண்டு கட்டடம், ஒன்றில் அந்த உச்ச அளவு வரை மட்டும் கூட்டலாம், எதிரில் உள்ள புதுக் கட்டடத்தில் வீட்டுக்காரர் கேட்கிற தொகை. வாடகைக்கு இருக்கிற ஒருவருக்கு மாகாணத் தேர்தல் எதற்கு என்று யாராவது கேட்டால் இதைத்தான் நான் சொல்வேன்.

யார் வாக்களிக்கலாம்

தேர்தல் நாளில் 18 வயது, கனடியக் குடியுரிமை, ஒன்ராறியோவில் வதிவிடம். மூன்றும் வேண்டும். நிரந்தர வதிவிட அட்டை வைத்திருப்பவர்கள், அகதிக் கோரிக்கையாளர்கள், மாணவர் விசாவில் இருப்பவர்கள் வாக்களிக்க முடியாது. வரி கட்டுகிறோமே என்ற நியாயம் இங்கே செல்லாது. குடியுரிமை இல்லாமல் வாக்களிப்பது குற்றம். தவறிப்போய் வாக்காளர் அட்டை உங்கள் பெயருக்கு வந்தாலும் அது உரிமை தந்துவிட்டதாக ஆகாது. குடியுரிமை விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் இதில் மிகவும் கவனம்.

வாக்கு இல்லாவிட்டாலும் செய்யக்கூடியவை நிறைய உண்டு. வேட்பாளருக்காக வீடு வீடாகப் போகலாம், பொதுக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கலாம். பல கட்சிகள் உறுப்பினராகச் சேர்வதற்குக் குடியுரிமையைக் கேட்பதில்லை, ஒன்ராறியோவில் வசித்தால் போதும் என்கின்றன. தொகுதியின் வேட்பாளரைத் தெரிவு செய்யும் கட்சிக்குள்ளான வாக்கெடுப்பில் உறுப்பினருக்குத்தான் இடம். சேருவதற்கு முன் அந்தந்தக் கட்சியின் விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் 16, 17 வயதுப் பிள்ளைகள் குடியுரிமையோடு இருந்தால் எதிர்கால வாக்காளர் பதிவேட்டில் இப்போதே பெயர் கொடுக்கலாம். 18 ஆனதும் வாக்காளர் இடாப்புக்கு மாறிவிடும்.

பெயரைப் பதிவது

ஊரில், இலங்கையில், கிராம சேவகர் படிவத்தோடு படலைக்கு வருவார். வீட்டுத் தலைவர் எல்லோருடைய பெயரையும் எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்தது. இங்கே அப்படி யாரும் வரமாட்டார்கள். தேர்தலை நடத்துவது இலெக்ஷன்ஸ் ஒன்ராறியோ என்ற சுயாதீன நிறுவனம். அவர்களுடைய இணையத்தளத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா, முகவரி சரியா என்று சில நிமிடத்தில் பார்க்கலாம், திருத்தலாம், புதிதாகச் சேரலாம். மத்திய தேர்தலில் வாக்களித்தோம், அந்தப் பட்டியலில் இருக்கிறோம் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். இரண்டும் வெவ்வேறு நிறுவனம்.

பெயர் இல்லாமலே தேர்தல் நாள் வந்துவிட்டாலும் பதற வேண்டாம். பெயரும் தற்போதைய முகவரியும் உள்ள ஆவணத்தோடு வாக்களிப்பு நிலையத்துக்குப் போனால் அங்கேயே சேர்த்துவிடுவார்கள். வரிசையில் கொஞ்சம் அதிகம் நிற்க வேண்டி வரும், அவ்வளவுதான்.

பேஸ்மன்டில் இருப்பவர்களுக்கு முகவரிச் சிக்கல்

இதைத் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் தடுக்கி நிற்கிற இடம் இது.

இடாப்பில் பெயர் இருந்து வாக்காளர் தகவல் அட்டையும் கையில் இருந்தால் உங்கள் பெயர் உள்ள ஒரு அடையாள ஆவணம் போதும். அட்டை வரவில்லை என்றால் பெயரும் முகவரியும் ஒரே ஆவணத்தில் இருக்க வேண்டும். மேல்மாடிக்காரருக்கு அது பிரச்சினையே இல்லை. கீழே பேஸ்மன்டில் இருப்பவருக்கு? மின்சார பில் வீட்டுக்காரர் பெயரில். இன்டர்நெட்டும் பல வீடுகளில் அவர் பெயரில். வாக்காளர் அட்டை வந்தாலும் மேல்வீட்டுத் தபால் பெட்டிக்குள் விளம்பரத் தாள்களோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும்.

இதற்கு வழி உண்டு. சாரதி அனுமதிப்பத்திரத்தில் புது முகவரி இருந்தால் அதுவே போதும். முகவரி மாறினால் ஆறு நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம், பலர் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். வாகனம் ஓட்டாதவர்கள், முக்கியமாக ஊரிலிருந்து வந்த பெற்றோர், மாகாண அரசின் சேவை நிலையமான சேர்விஸ் ஒன்ராறியோவில் 35 டொலர் கட்டி ஒன்ராறியோ புகைப்பட அட்டை எடுத்துக்கொள்ளலாம். தேர்தலுக்கு மட்டுமல்ல, வங்கியிலும் மருந்தகத்திலும் உதவும். இவை இரண்டும் இல்லையா? கையெழுத்துப் போட்ட வாடகை ஒப்பந்தம், வங்கிக் கூற்று, வேலையிடத்தில் தருகிற ரீ4 படிவம் இவற்றில் முகவரி இருக்கும். ஓஹிப் அட்டையைக் கொண்டு போகிறவர்கள் கவனியுங்கள்: அதன் முன்பக்கத்தில் பெயர் இருக்கும், முகவரி இருக்காது. அட்டையில் வேறு எங்கும் தற்போதைய முகவரி இல்லை என்றால், வாக்காளர் அட்டையும் கையில் இருந்தால்தான் அது உதவும்.

முன்பு அந்த வீட்டில் இருந்தவருடைய அட்டை உங்கள் பெட்டிக்கு வந்தால் அதைப் பயன்படுத்தவே கூடாது.

உங்கள் தொகுதி எது

ஒன்ராறியோ 124 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு தொகுதிக்கு ஒரு உறுப்பினர். எம்பிபி என்று சொல்வார்கள். 63 இடம் பிடிக்கிற கட்சிக்குப் பெரும்பான்மை, அதன் தலைவர் முதல்வர்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், மத்திய தொகுதியும் மாகாணத் தொகுதியும் முன்பு பெரும்பாலும் ஒரே எல்லையில் இருந்தன. 2025 மத்திய தேர்தலுக்கு ஒட்டாவா எல்லைகளை மாற்றிவிட்டது. அந்த மாற்றம் மாகாணத்துக்குப் பொருந்தாது. மாகாணத்தில் ஸ்காபரோ ரூஜ் பார்க் என்று ஒரு தொகுதி. மத்தியில் அந்தப் பக்கத்தில் இருப்பது ஸ்காபரோ கில்ட்வுட் ரூஜ் பார்க். பெயர் ஒரே மாதிரிக் கேட்கும், எல்லை வேறு, உறுப்பினரும் வேறு. அதனால் ஊகிக்காமல் இலெக்ஷன்ஸ் ஒன்ராறியோ இணையத்தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள்.

கட்சிகள்

நான்கு கட்சிகளுக்குச் சட்டசபையில் இடம் இருக்கிறது.

நீல நிறம் முற்போக்குப் பழமைவாதக் கட்சி, பேச்சில் பீசி அல்லது கொன்சவேட்டிவ். டக் ஃபோர்ட் தலைமையில் 2018, 2022, 2025 மூன்று தேர்தலிலும் பெரும்பான்மை பெற்றது. இந்த மாகாணத்தில் ஆழமாக வேர்விட்ட கட்சி, 1943 முதல் 1985 வரை இடைவிடாமல் 42 ஆண்டுகள் ஆண்டது. வாகன இலக்கத்தகட்டு ஸ்ரிக்கர் கட்டணத்தை 2022இல் நீக்கியது, பிரம்ப்டன் வழியாக வரப்போகிற 413 நெடுஞ்சாலை, 401 நெடுஞ்சாலைக்குக் கீழே சுரங்கப்பாதை யோசனை இவையெல்லாம் இவர்களுடையவை. கட்டுமானம், வாகனம் ஓட்டுகிறவர், வரிக்குறைப்பு என்று பேசுவார்கள். முன்னே சொன்ன வாடகை விதிவிலக்கும் இவர்களுடைய அரசு கொண்டுவந்ததுதான்.

சிவப்பு லிபரல். 2003 முதல் 2018 வரை ஆண்டார்கள், பிறகு ஏழு இடத்துக்குச் சுருங்கினார்கள். 2025இல் எல்லோருக்கும் குடும்ப வைத்தியர் என்ற வாக்குறுதியை முன்னே வைத்தார்கள்.

செம்மஞ்சள் புதிய ஜனநாயகக் கட்சி, என்டிபி. ஒரே ஒருமுறை, 1990 முதல் 1995 வரை, பொப் ரே தலைமையில் ஆட்சி. 2018 முதல் மூன்று தேர்தலிலும் பிரதான எதிர்க்கட்சி. தொழிற்சங்கங்களோடு நெருக்கம் உள்ள கட்சி. புதிய கட்டடங்கள் உட்பட எல்லா வாடகை வீட்டுக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்பது இவர்களுடைய நிலைப்பாடு.

பசுமைக் கட்சி சிறியது. மைக் ஷ்ரைனர் 2018இல் குவெல்ப் தொகுதியில் வென்று முதல் இடத்தைப் பிடித்தார், இப்போது இரண்டு இடம்.

இவை தவிர சிறு கட்சிகளும் சுயேச்சைகளும் நிற்பார்கள். 2025இல் ஒரு சுயேச்சை வென்றும் இருக்கிறார்.

மத்திய லிபரலும் ஒன்ராறியோ லிபரலும் இரண்டு தனிக் கட்சிகள். மத்திய கொன்சவேட்டிவும் ஒன்ராறியோ பீசியும் அப்படித்தான். பிரதமர் மேல் உள்ள கோபத்தை மாகாண வேட்பாளர் மேல் காட்டுகிறவர்களை நிறையப் பார்க்கலாம். அது தவறான விலாசத்துக்குப் போன கடிதம். என்டிபி மட்டும் கொஞ்சம் வேறு, மாகாணக் கட்சியில் சேர்ந்தால் மத்தியிலும் உறுப்பினர்.

தமிழ்ப் பெயர் இருந்தால் போதுமா

விஜய் தணிகாசலம், லோகன் கணபதி இருவரும் 2018இல் பீசி சார்பில் வென்று ஒன்ராறியோ சட்டசபைக்குப் போன முதல் தமிழர்கள். தமிழினப் படுகொலை அறிவூட்டல் வாரத்துக்கான 104ஆம் இலக்க மசோதாவை விஜய் தணிகாசலம் கொண்டுவந்தார், 2021இல் நிறைவேறியது. ஆண்டுதோறும் மே 18இல் முடியும் ஏழு நாட்கள் அந்த வாரம். ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக மாகாணம் சட்டமாக்கியது 2014இல். நம்மவர்கள் வாக்களிப்பதாலும் சபைக்குள் போவதாலும் கிடைத்தவை இவை. குறைத்து மதிக்க மாட்டேன்.

ஆனால் பெயரைப் பார்த்துப் புள்ளடி போட்டுவிட்டு வருவதை நான் ஏற்கவில்லை. கதவைத் தட்டி வருகிறவர் தமிழர் என்றால் இன்னும் வசதி, தமிழிலேயே கேட்கலாம்.

“அக்கா, உங்கட ஆதரவு எங்களுக்குத்தானே?”

“இருக்கட்டும் தம்பி. அம்மாவுக்குக் குடும்ப டொக்டர் இல்லை, இந்தத் தொகுதியில எங்க எடுக்கிறது? உங்கட கட்சி அதுக்கு என்ன செய்யப் போகுது?”

பதில் இருந்தால் சொல்வார். இல்லாவிட்டால், கேட்டுச் சொல்கிறேன் என்று இலக்கத்தை வாங்கிக்கொண்டு போவார். திரும்பி அழைக்கிறாரா என்று பாருங்கள், அதிலேயே பாதி விளங்கிவிடும். அந்த இடத்திலேயே ஆம், இல்லை சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. முற்றத்தில் பெயர்ப்பலகை நட விடவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

வாக்கு எப்படி இடமாகிறது

ஒரு தொகுதியில் யாருக்கு மற்ற எல்லோரையும் விட அதிக வாக்கோ அவர் வென்றார். பாதியைத் தாண்ட வேண்டும் என்றில்லை. இலங்கையின் விகிதாசார முறையில் பழகியவர்களுக்கு இதன் விளைவு விசித்திரமாக இருக்கும். 2025இல் லிபரலுக்கு மாகாணம் முழுவதும் சுமார் 30 சதவீத வாக்கு, கிடைத்தது 14 இடம். என்டிபிக்கு 19 சதவீதத்துக்கும் குறைவு, ஆனால் 27 இடம். பீசிக்குச் சுமார் 43 சதவீதம், 80 இடம். லிபரல் வாக்குகள் பல தொகுதிகளில் இரண்டாம் இடமாகச் சிதறின, என்டிபி வாக்குகள் சில தொகுதிகளில் குவிந்து நின்றன. அந்தத் தேர்தலில் லிபரல் தலைவர் பொனி குறொம்பியே மிசிசாகாவில் தன் தொகுதியில் தோற்றார்.

ஆகவே தொலைக்காட்சியில் வருகிற தலைவர்களின் விவாதத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பாதிதான் தெரியும். உங்கள் தொகுதியில் போன முறை யார் முதல், யார் இரண்டாவது, எத்தனை வாக்கு வித்தியாசம் என்று பாருங்கள். பிடித்த கட்சி மூன்றாவதாக நின்றால், அதற்கே போடுவதா, பிடிக்காதவர் வராமல் தடுக்க இரண்டாவதுக்குப் போடுவதா என்பது உங்கள் முடிவு. இரண்டுக்கும் நியாயம் உண்டு. என்னைக் கேட்டால், வித்தியாசம் சில நூறு என்றால்தான் இந்தக் கணக்குப் போடுவேன், ஆயிரக்கணக்கில் என்றால் மனதுக்குப் பிடித்தவருக்கே.

எப்போது, எப்படிப் போடலாம்

தேர்தல் நாள் வியாழக்கிழமையாக வரும்; ரொறன்ரோப் பக்கம் காலை 9 முதல் இரவு 9 வரை. இரண்டு வேலை செய்கிறவர்களுக்கு அது பிடிக்காது. அதற்குச் சில நாட்கள் முன்பே முற்கூட்டிய வாக்களிப்பு நடக்கும். தேர்தல் அறிவித்த பிறகு தொகுதியின் தேர்தல் அலுவலகத்துக்கே போயும் வாக்களிக்கலாம், தேர்தலுக்கு முதல் நாள் மாலை 6 மணி வரை. தபாலிலும் போடலாம், அதற்கான விண்ணப்பம் தேர்தலுக்குச் சுமார் ஒரு வாரம் முன்பே மூடிவிடும். நடக்க முடியாத முதியவர் என்றால் அலுவலர் வீட்டுக்கே வந்து வாக்கு வாங்குகிற ஏற்பாடும் இருக்கிறது. அலுவலகத்திலோ தபாலிலோ போடுகிற சீட்டில் வேட்பாளர் பெயரை நீங்களே எழுத வேண்டி வரும், எழுத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்தல் நாளில் வேலை இருந்தால், வாக்களிப்பு நேரத்துக்குள் தொடர்ச்சியாக மூன்று மணித்தியாலம் உங்களுக்கு ஓய்வு இருக்க வேண்டும் என்பது சட்டம். வேலை நேரத்தால் அது கிடைக்கவில்லை என்றால் முதலாளி விட வேண்டும், சம்பளம் வெட்டக் கூடாது. எந்த மூன்று மணித்தியாலம் என்பதை அவர் தீர்மானிக்கலாம். தொழிற்சாலைகளில் ஏஜென்சி மூலம் வேலை செய்கிற பலருக்கு இது தெரியாது, தெரிந்தவர்களும் கேட்கத் தயங்குகிறார்கள். இரண்டு நாள் முந்தியே சுப்பர்வைசரிடம் சொல்லிவிடுங்கள்.

உள்ளே போனதும்

பெரும்பாலும் பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபம் அல்லது சமூக நிலையம். வாசலில் ஒருவர் உங்கள் அட்டையைப் பார்த்து எந்த மேசை என்று காட்டுவார். அலுவலர் பெயரைச் சரிபார்த்து வாக்குச்சீட்டைத் தருவார். விரலில் மை பூச மாட்டார்கள்.

சீட்டில் வேட்பாளர் பெயரும் அருகில் கட்சிப் பெயரும் ஆங்கில எழுத்தில் இருக்கும். வீடு, யானை, சைக்கிள் மாதிரிச் சின்னம் எதுவும் கிடையாது. ஆங்கிலம் வாசிக்கத் தடுமாறுகிற பெற்றோருக்கு இதுதான் பெரிய தடை. குடும்பப் பெயர் வரிசையில்தான் அச்சடித்திருப்பார்கள் என்பதால், வீட்டிலேயே ஒரு தாளில் வேட்பாளர் பெயர்களை எழுதி, அம்மா விரும்புகிறவர் எத்தனையாவது, பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று காட்டிப் பழக்கிவிடலாம். மொழிபெயர்க்க ஒருவரைக் கூட்டிப் போகவும் சட்டம் இடம் தருகிறது; அவர் அங்கே சத்தியம் செய்ய வேண்டும். ஆனால் யாருக்குப் போடுவது என்பதை அம்மாவே தீர்மானிக்க வேண்டும். பிள்ளை சொல்கிற பெயருக்கு, கணவர் சொல்கிற பெயருக்கு என்று போட்டுவிட்டு வருகிற அம்மாமார் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். இரகசிய வாக்கு வீட்டுக்குள்ளும் இரகசியம்தான்.

மறைப்புக்குள் போய் ஒரே ஒரு வட்டத்துக்குள் ஒரு புள்ளடி. ஊரில் கட்சிக்கு ஒன்று, அப்புறம் விருப்பு வாக்கு மூன்று என்று போட்டுப் பழகிய கை இங்கேயும் இரண்டு மூன்று போடப் பார்க்கும். இரண்டாவது அடையாளம் விழுந்தால் முழுச் சீட்டும் செல்லாது. பிழையாகப் போட்டுவிட்டால் பெட்டிக்குள் போடுவதற்கு முன்பே அலுவலரிடம் கொடுத்து வேறு சீட்டுக் கேளுங்கள், தருவார். சீட்டைப் படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. யாரையுமே பிடிக்கவில்லை என்றால், வாங்கிய சீட்டைத் திருப்பிக் கொடுத்து நிராகரிக்கிறேன் என்று சொல்லலாம். ஒன்ராறியோ அதைத் தனியாக எண்ணிப் பதிகிறது. கிழித்துப் போட்ட சீட்டுக்கு அந்தக் கணக்கு இல்லை.

தேர்தல் முடிந்த பிறகு

வென்றவர் தொகுதிக்குள் ஒரு அலுவலகம் வைத்திருப்பார். ஓஹிப் அட்டை இழுபடுகிறது, இயலாமைக் கொடுப்பனவு நின்றுவிட்டது, பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழை என்றால் அங்கே போகலாம். மாகாணத் திணைக்களங்களோடு பேசி உங்கள் கோப்பு எங்கே நிற்கிறது என்று விசாரித்துச் சொல்வதும் அவர்களுடைய வேலைதான். குடிவரவு விஷயம் என்றால் மத்திய உறுப்பினரிடம் அனுப்புவார்கள். குடியுரிமை இல்லாதவர்களும் போகலாம், வேறு கட்சிக்குப் போட்டவர்களும் போகலாம். உங்கள் முகவரி அந்தத் தொகுதிக்குள் இருக்கிறதா என்பதைத்தான் கேட்பார்கள்.